பத்துக்கு எத்தனை

"நாலு மார்க் வைனை எட்டு மார்க் வைனாக்க ஏதாவது வழி இருக்கிறதா, சம்பந்தியம்மா?"

ஞானசிகாமணி இப்படிக் கேட்டபோது, சம்பந்தியம்மாள் ஓர்னெல்லா முற்றத்தில் கோழிகளுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்தார். இடம் இத்தாலி. மாந்துவா நகரத்துப் பக்கம், போ என்கிற ஆற்றின் கரையில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு.

சிகாமணி ஆங்கிலத்தில் கேட்டதை மாப்பிள்ளை இவானோ தன் அம்மாவுக்கு இத்தாலிய மொழியில் சொன்னார்.

ஓர்னெல்லா யோசித்தார். கூட்டத்தில் கொழுத்த கோழி ஒன்றைக் கைகாட்டி ஏதோ சொன்னார்.

"அது வேகட்டும் என்கிறார் அம்மா," என்றார் மாப்பிள்ளை.

அது இப்போதைக்கு வேகிற மாதிரித் தெரியவில்லை. உயிரோடு சோளம் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அந்த நாலு மார்க் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த மனிதர் மேல் உங்களுக்கு அநியாயமாகக் கோபம் வரும். சொன்ன பிறகும் வரும். ஆனால் அது நியாயமான கோபம்.

சிகாமணி குன்னூரில் முப்பத்தெட்டு வருஷம் டீ டேஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீள மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டத்துத் தேயிலை. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவார். வாயில் ஒரு சுற்றுச் சுற்றுவார். துப்புவார். மார்க் சொல்வார். ஒரு நாளைக்கு இருநூறு கிண்ணம்.

அவர் ஏழு என்றால் ஏழுதான். தோட்ட முதலாளியே வந்து நின்றாலும் ஏழரை ஆகாது. அதற்காகவே ஊரில் அவருக்கு மரியாதை.

என்ன செய்வது, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. மனைவி வைத்த ரசம் ஆறு. புதுப் போதகரின் பிரசங்கம் ஐந்து. மகள் பியூலா கிறிஸ்துமஸுக்குப் பாடிய பாட்டு ஐந்தரை.

பியூலா ஒரே மகள். விவசாயம் படிக்க இத்தாலிக்குப் போனவள், இவானோவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். மாமியாருக்கும் அவளுக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. போன வருஷம் ஓர்னெல்லா தோட்டத்தில் நாலு வரிசைக் கொடியை அவளுக்கென்று விட்டுக்கொடுத்தார்.

கவாத்து வெட்டியது, பழம் பறித்தது, நசுக்கியது, புட்டியில் அடைத்தது எல்லாம் பியூலாதான். அந்தப் பக்கத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிற லாம்ப்ருஸ்கோ என்னும் சிவப்பு வைன். நாவல்பழ நிறம். ஊற்றினால் நுரைக்கும். அடியில் கொஞ்சம் வண்டல் நிற்கும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு புட்டி வந்தது.

அப்பா முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அதில் ஒரு புட்டியைத் திறந்தாள். தான் செய்தது என்று சொல்லவில்லை. தெரியாமல் இருந்தால்தானே உள்ளதை உள்ளபடி சொல்வார் என்று நினைத்தாள்.

சொன்னார்.

சிகாமணி குடிகாரர் இல்லை. கோயிலில் திருவிருந்துக்குக் கொடுக்கிற ஒரு சொட்டைத் தவிர வைன் பக்கமே போனதில்லை. ஆனால் அவரிடம் போய் "ருசி பாருங்கப்பா" என்றால் விடுவாரா? சர்ரென்று உறிஞ்சினார். சுற்றினார். பக்கத்தில் கிடந்த எனாமல் கிண்ணத்தை இழுத்து அதில் துப்பினார்.

"பத்துக்கு நாலு," என்றார்.

புளிப்பு. நுரை. ஈறைக் கடிக்கிறது. கலங்கல் வேறு. ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

அப்பா என்ன சொல்கிறார் என்று ஓர்னெல்லா மருமகளிடம் கேட்டார். நன்றாக இருக்கிறதாம் என்று பியூலா இத்தாலிய மொழியில் சொன்னாள். சிகாமணியின் நாலு விரலும் இன்னும் மேலேயே நின்றன.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து விஷயத்தைச் சொன்னார்.

"மாமா, அது அவள் வைன்."

மாமா என்ற ஒரு தமிழ் வார்த்தை அவருக்கு நன்றாக வரும். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னார். சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாப் புட்டியையும் வினிகர் பீப்பாயில் கொட்டிவிடப் போகிறாளாம். நாலு வரிசைக் கொடியையும் அத்தையே பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு இதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டாளாம்.

சிகாமணி வாசல் வரைக்கும் போய் நின்றார்.

ஓடிப் போய் எட்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் நம்ப மாட்டாள், யார் மகள்? அவருக்கும் வாய் வராது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு கிண்ணத்துக்குக்கூடப் பொய் மார்க் போட்டதில்லை. அந்த வைன் நாலுதான். நாக்கு அப்படித்தான் சொல்கிறது. நாக்குத் தப்பாக இருந்தால் யாராவது திருத்தித் தொலைக்கட்டும் என்றுதான் கோழி முற்றத்துக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதில்தான் உங்களுக்கே தெரியுமே.

வெள்ளிக்கிழமை கோழியின் காலம் முடிந்தது.

ஓர்னெல்லா சிகாமணியைச் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார். மாவைத் தகடாகத் தேய்த்து, சின்னச் சதுரமாக வெட்டி, நடுவில் கொத்துக்கறி வைத்து மடிக்க வேண்டும். பார்த்தால் சுண்டைக்காய் அளவுக் கொழுக்கட்டை. நாளைக்கு நானூறு வேண்டுமாம்.

வைனைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்று வந்தவருக்கு அன்று ஒரு சொட்டு வைன்கூடக் கண்ணில் காட்டப்படவில்லை. தான் துப்பிய எனாமல் கிண்ணமாவது எங்கே என்று தேடினார். அதைக் கழுவிப் பூனைக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

தான் மடித்த முதல் கொழுக்கட்டைக்குத் தானே மூன்று மார்க் போட்டுக்கொண்டார். மார்க்கைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

நூறு தாண்டியதும் ஓர்னெல்லா பேச்சுக் கொடுத்தார். மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொன்னார். தேயிலையை எப்படி ருசி பார்ப்பீர்கள்? சிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். கிண்ணம், கரண்டி, உறிஞ்சல், துப்பல் எல்லாவற்றையும் நடித்தே காட்டினார்.

"சரி. வாங்குகிற ஜனங்கள் எப்படிக் குடிப்பார்கள்?"

அது வேறு கதை. பாலை ஊற்றி, சர்க்கரையைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார்கள். எங்கள் ஊரில் வர்க்கி என்று ஒன்று உண்டு, மொறுமொறு என்று இருக்கும், அதை உள்ளே முக்கிச் சாப்பிடுவார்கள். மழை பெய்யும்போது கடை வாசலில் நாலு பேராக நின்று கதை பேசிக்கொண்டே குடிப்பார்கள். தேயிலையின் தரம் அதில் எங்கே தெரியப்போகிறது?

"நீங்கள் எப்படிக் குடிப்பீர்கள்?"

"நான் டீ குடிக்கிறதில்லை."

மாப்பிள்ளை, தனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்டார். ஆமாம், குடிப்பதில்லை. இருநூறு கிண்ணம் துப்பிவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு வெந்நீர் போதும். இதுவரைக்கும் எந்தத் தேயிலையிலும் இரண்டாவது வாய் கேட்டதில்லை. ஒரு வாயிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

மாப்பிள்ளை மாற்றிச் சொல்லி முடித்ததும் ஓர்னெல்லா எழுந்து வந்தார். மாவுக் கையை அப்படியே அவர் தோளில் வைத்தார். துக்க வீட்டில் வைக்கிற மாதிரி வைத்தார். அப்புறம் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மாவைத் தேய்க்க ஆரம்பித்தார்.

சிகாமணிக்குச் சுருக்கென்றது. பழைய நாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது பியூலாவுக்குப் பதினோரு வயது இருக்கும். அவள் அம்மா ஊரில் இல்லை. காலையில் தானே முக்காலியைப் போட்டு ஏறி, அடுப்பைப் பற்றவைத்து, அப்பாவுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர் வாங்கிச் சர்ரென்று உறிஞ்சினார். எழுந்து போய்த் தொட்டியில் துப்பினார். "மூணு. ரொம்பக் கொதிக்க விட்டுட்ட," என்றார். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவருக்கு டீ போட்டதே இல்லை. சோம்பேறிப் பெண் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

மீதி முந்நூறு கொழுக்கட்டையை அவர் மடித்தார். ஒன்றுக்கும் மார்க் போடவில்லை.

சனிக்கிழமை காலை பியூலா வினிகர் பீப்பாயை முற்றத்துக்கு உருட்டி வந்து நிறுத்தினாள். மூடியைத் திறந்து வைத்தாள். வைன் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பக்கத்தில் அடுக்கினாள். சிகாமணி ஒரு பெட்டிக்குக் கை கொடுக்கப் போனார். "வேண்டாம்ப்பா, கனம்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெளியே ஒரே பனிமூட்டம். உள்ளே கோழி காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது.

மதியம் ஓர்னெல்லா நாலு கிண்ணங்களை எடுத்து வைத்தார். வெள்ளைக் கிண்ணங்கள், கைப்பிடி இல்லாதவை. சிகாமணி திடுக்கிட்டுப் பார்த்தார். குன்னூர் மேசையில் இருந்தவைதான் எழுந்து வந்துவிட்டனவோ என்று இருந்தது.

கொதிக்கிற கோழிச் சாற்றைக் கரண்டியால் மொண்டு ஊற்றினார். மேலே கொழுப்பு கண்கண்ணாக மிதந்தது. கிண்ணத்துக்கு நாலைந்து கொழுக்கட்டை. அப்புறம் விடுவிடுவென்று முற்றத்துக்குப் போனார். பியூலாவின் பெட்டியிலிருந்து ஒரு புட்டியை உருவிக்கொண்டு வந்தார். வேண்டாம் அத்தை என்று பியூலா தடுத்தாள். மாமியார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புட்டியைத் திறந்து, கொதிக்கிற சாற்றின் தலையிலேயே வைனை ஊற்றினார்.

"ஐயையோ," என்றார் சிகாமணி.

மாப்பிள்ளை அவரைச் சமாதானப்படுத்தினார். எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான், மாமா. குளிர்காலத்தில் சாப்பாடு இப்படித்தான் தொடங்கும். உட்கார்ந்து குடிக்கக்கூடாது. அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு குடிக்க வேண்டும்.

நாலு பேரும் அடுப்புக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். இடம் கொஞ்சம்தான். பியூலாவின் தோள் அப்பாவின் கையில் இடித்தது. அவள் குனிந்து தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிகாமணி கிண்ணத்தைத் தூக்கினார். பழக்கதோஷம், சர்ரென்று உறிஞ்சினார். வாயில் சுற்றினார். துப்ப இடம் தேடினார்.

எனாமல் கிண்ணம் மூலையில் இருந்தது. பூனை அதில் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. விழுங்கினார்.

சூடு முதலில் இறங்கியது. கோழியின் கொழுப்பு நாக்கில் படிந்தது. படிந்த கொழுப்பைப் புளிப்பு வந்து வழித்துக்கொண்டு போயிற்று. ஈறைக் கடித்ததே ஒன்று, அது அடுத்த வாய் எங்கே என்று கேட்டது. அவர் அடுத்த வாய் குடித்தார். ஒரு கொழுக்கட்டை வந்தது. யார் மடித்ததோ, மென்றார்.

இவானோ தன் தாத்தா கதையைச் சொன்னார். தாத்தா இப்படி நின்று குடித்தபோது கோட்டு வாலில் தீப்பிடித்துவிட்டதாம். கிண்ணம் காலியாகும் வரைக்கும் மனிதர் நகரவே இல்லையாம். ஓர்னெல்லா ஏற்கெனவே நூறு தடவை கேட்ட கதைக்கு நூற்றியோராவது தடவையாகச் சிரித்தார். பியூலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தோள் குலுங்கியது சிகாமணியின் கையில் தெரிந்தது. மகள் பக்கத்தில் இவ்வளவு நெருங்கி நின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கிண்ணத்தை வாயில் கவிழ்த்தார். அடியில் நாவல்பழ நிறத்தில் ஒரு வளையம் மட்டும் இருந்தது.

சிரிப்பு அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே பீப்பாய் திறந்தபடி நின்றது.

பியூலா நிமிரவில்லை. தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

"பத்துக்கு எத்தனைப்பா?"

சிகாமணி நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். புளிப்பு எத்தனை? நுரை எத்தனை? ஒன்றையும் எண்ணி வைத்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. கண் கலங்கிவிட்டது.

"பாக்க மறந்துட்டேம்மா," என்றார்.

கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."