ஜெசிந்தாவின் ஷாட்

"என் ஷாட் போயிடுச்சு கோச்," என்றாள் ஜெசிந்தா.

பர்வீன் கூடைப்பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்கே போச்சு?"

"விளையாடாதீங்க. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் எழும்பவே பயமா இருக்கு. காலையிலேருந்து நாற்பது பந்து போட்டேன். ஆறுதான் விழுந்தது. ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன். எனக்கு முப்பத்துநாலு வயசு. இந்தத் தடவை பேர் வரலைன்னா அப்புறம் யார் கூப்பிடுவாங்க?"

பர்வீன் அவளைவிட மூன்று வயது இளையவள். பயிற்சியாளராகி ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன், கல்லூரியில் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் எதிரணியில் இருந்தாள். ஜெசிந்தாவை மறிப்பதுதான் அங்கே அவள் வேலை.

"என் பழைய ஷாட்டைத் திருப்பிக் கொடுங்க. அது போதும்."

"எந்தப் பழைய ஷாட்?"

"எனக்கு ஒண்ணுதானே இருந்தது!"

பர்வீன் பம்பைக் கீழே வைத்தாள். கூடைக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"போடுங்க அக்கா."

ஜெசிந்தா இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் பாய்ந்தாள். பர்வீன் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தாள். பந்தைத் தட்டிவிட்டாள்.

"இது காலேஜ்ல போட்டது. முதல் வருஷம் பூரா இப்படித்தான் என்னைத் தாண்டிப் போனீங்க. அப்புறம் கத்துக்கிட்டேன்."

ஜெசிந்தா கூடைக்கு முதுகு காட்டி நின்றாள். சட்டென்று திரும்பி எறிந்தாள்.

பர்வீன் தட்டிய பந்து தரையில் உருண்டது.

"இது திண்டுக்கல் ஃபைனல்ல. முந்தினதைத் தடுக்கத்தான் நான் தயாராகி வந்திருந்தேன். நீங்க அதைப் போடவே இல்ல. திரும்புறப்ப பஸ்ல அழுதேன்."

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு எகிறினாள். முட்டி சுருக்கென்றது. பந்து கையை விடும் முன்பே பர்வீனின் விரல் அதன்மேல் இருந்தது.

"இது நான் ஆடின கடைசி மூணு வருஷமும் நீங்க போட்டது."

ஜெசிந்தாவுக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கை வியர்த்துப் பந்து வழுக்கியது. ஆட்டத்தை விட்டுவிட்ட இவளிடமே இப்படியென்றால், ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற இருபது வயதுப் பெண்கள்?

"வேற எதுவும் என்கிட்ட இல்ல."

"போடுங்க."

"இல்லன்னு சொல்றேன்ல!"

பர்வீன் கைகளை இறக்கவில்லை. ஓரடி முன்னால் வந்தாள். இன்னும் ஓரடி.

ஜெசிந்தா பின்வாங்கினாள். மூன்று புள்ளிக் கோட்டையும் தாண்டியாயிற்று. பர்வீன் விடவில்லை.

எழும்பத் தைரியம் வரவில்லை. நல்ல காலில் பின்னால் சாய்ந்தாள். குதிக்காமல், நெஞ்சருகிலிருந்தே அவசரமாகப் பந்தை வீசினாள்.

பர்வீன் தாவினாள்.

பந்து அவள் விரல்களுக்கு மேலே போனது. வளையத்தில் மோதி வெளியே விழுந்தது.

"பாத்தீங்களா? விழல," என்றாள் ஜெசிந்தா.

பர்வீன் பந்து போன பக்கம் திரும்பவே இல்லை. ஜெசிந்தா ஊன்றியிருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எப்படித் தடுக்கிறதுன்னு எனக்குத் தெரியலையே அக்கா."