ஆளுக்கு ஓர் இலை

“டீச்சர், நாப்பத்திரண்டு பேருக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்?”

கேட்டுக்கொண்டே வகுப்புக்குள் நுழைந்தார் சுடலைமுத்து. தோளில் ஒரு வாழை இலைக்கட்டு.

நாற்பது வயதுக்குமேல் புரோகிராமிங் படிக்க வந்தவர் அவர். சொல்லித்தரும் ஜெசிந்தா அவரைவிட ரொம்ப இளையவள்.

அவருடைய மகளுக்கு மூன்றரை வருடமாக மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். லேசில் கிடைக்காத வகை ரத்தம். ஆனாலும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பத்து வயது நிறைகிறது. ரத்தம் கொடுத்தவர்களை எல்லாம் கூப்பிட்டு வயிறாரச் சோறு போட வேண்டும், ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது என்பது அவர் ஆசை.

ரத்த வங்கியில் பெயர் தரவில்லை. ஒவ்வொரு முறையும் கொடுத்தவரின் எண்ணை மட்டும் வரிசையாகத் தந்தார்கள். அழைப்பைத் தாங்களே சேர்த்துவிடுவதாகச் சொன்னார்கள். எண்களை ‘அரே’ என்கிற பட்டியலில் போட்டு, எத்தனை பேர் என்று எண்ண அவரே புரோகிராம் எழுதினார். நாற்பத்திரண்டு என்று விடை வந்ததும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. சமையல்காரரிடமும் சொல்லியாயிற்று.

“எப்படி எண்ணுனீங்க?” என்றாள் ஜெசிந்தா.

“முந்தின நம்பரும் இந்த நம்பரும் வேறன்னா, ஒண்ணு கூட்டிக்கிடும் டீச்சர்.”

அவள் இலைக்கட்டைப் பிரித்தாள்.

“வாசிங்க அண்ணாச்சி. ஆளுக்கு ஓர் இலை.”

“பதினேழு.”

ஓர் இலையை விரித்து, அதில் எண்ணை எழுதினாள்.

“நாலு.”

இன்னோர் இலை.

“முப்பத்தொண்ணு.”

இன்னொன்று.

“பதினேழு.”

அவள் கை அசையவில்லை.

“போடுங்க டீச்சர்.”

“இவருதான் ஏற்கெனவே உக்காந்திருக்காரே?”

சுடலைமுத்து விரித்த இலைகளைப் பார்த்தார்.

“ரத்தம் குடுத்தவரு மறு மாசமே குடுக்கலாமா அண்ணாச்சி?”

“அதெப்படி? மூணு மாசம் கழியணுமே.”

சொன்னவர் எண் வரிசையை மறுபடி பார்த்தார். அடுத்தடுத்து ஒரே எண் எப்படி வரும்? புரோகிராம் ஒவ்வொரு தடவையையும் புது ஆளென்றே கூட்டியிருக்கிறது. மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு அலைகிறவருக்குத் தெரியாத சங்கதியா இது?

அதன்பின் ஒவ்வோர் எண்ணுக்கும், விரித்த இலைகளை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் புது இலையைத் தொட்டார்கள்.

வாசித்து முடித்தபோது தரையில் ஐந்தே இலைகள். மிச்ச இலையெல்லாம் கட்டுக்குள்ளேயே கிடந்தது.

“அஞ்சு பேருதானா?” சுடலைமுத்துவின் சுருதி இறங்கிவிட்டது.

“இன்னொரு தடவை வாசிங்க,” என்றாள் ஜெசிந்தா.

“பதினேழு. நாலு. முப்பத்தொண்ணு. பதினேழு...”

பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

“பேச்சி, நாப்பத்திரண்டு பேரு இல்ல. அஞ்சு பேருதான். அந்த அஞ்சு பேருதான் திரும்பத் திரும்ப வந்திருக்காவ.”



“அப்பம் சமையக்காரர வரவேண்டாம்னு சொல்லிருங்க,” என்றாள் மனைவி. “நானே பொங்கிப் போடுதேன்.”