சுவர் இல்லாத படலம்

"இது செத்துப்போச்சு மேடம்," என்றார் சபாபதி.

"எது?"

"நான் செஞ்ச பட்டை. பாருங்க, கோடு அசையவே மாட்டேங்குது."

பெனிட்டா திரையைப் பார்க்கவில்லை. வலது கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூக்கையாவைப் பார்த்தாள். அந்தக் கையில்தான் பட்டை சுற்றியிருந்தது.

மூக்கையா பரோட்டா மாஸ்டர். பைக்கிலிருந்து விழுந்ததிலிருந்து அந்தக் கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி மிஷினுக்கும் அதிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் டாக்டர் வருவார். மூளை சொல்வது ஒரு துளியாவது கைவரைக்கும் வருகிறதென்று காட்டினால் ஆபரேஷன். காட்டாவிட்டால் கை அவ்வளவுதான்.

"சார், செத்தது பட்டையா, என் கையா? அதைத் தெளிவாச் சொல்லிருங்க," என்றார் மூக்கையா.

அது சபாபதிக்கே தெரியவில்லை. அதுதான் கொடுமை.

பெங்களூரில் இருபது வருஷம் சிலிக்கான் சில்லு செய்தவர் அவர். அது அலுத்துப்போய், இந்த லேபுக்குக் கற்றுக்கொள்ள வந்தார். வயது நாற்பத்தாறு. பெனிட்டாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் குரு அவள்தான். தெரிந்தவள் அவள், தெரியாதவர் இவர். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவள் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். பிளாஸ்டிக்கில் ஒரு வகை உண்டு, அதில் கரண்ட் ஓடும். அதை மையாக்கி, வளைகிற தாளில் மெல்லிசாகத் தடவினால் ஒரு நீலப் படலம். அதுதான் டிரான்சிஸ்டர். உடம்பு முணுமுணுத்தால்கூட அது பெரிதாக்கிக் காட்டும்.

"எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"ரொம்பச் சுத்தமா. படலத்துக்கு மேல வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு. அதுக்கு மேல உப்பு ஜெல். அப்புறம் தோல்."

"பூச்சு எதுக்கு?"

சபாபதி சிரித்துவிட்டார். "என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? சுவர் இல்லாம டிரான்சிஸ்டரா? சிக்னல் வெளிய நிக்கணும். வெளிய நின்னே உள்ள ஓடுற கரண்ட்டை ஆட்டணும். உப்புத்தண்ணி உள்ள போச்சுன்னா சில்லு காலி. இது பாலபாடம்."

"போன பட்டைக்கும் பூச்சு போட்டீங்களா?"

"போட்டேன். அது வேலை செய்யலைன்னுதான் இதுக்கு இன்னும் கனமாப் போட்டேன்."

"அம்மா, கல்லு சூடாகலைன்னு அடுப்பை அணைக்கிற ஆளா இருக்காரே!" என்றார் மூக்கையா.

பெனிட்டா எழுந்து உள்ளே போனாள். இரண்டு டம்ளர் மோரோடு வந்தாள்.

"வெயில். குடிங்க."

மூக்கையா இடது கையால் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "அருமை," என்றார்.

சபாபதி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எனக்கு உப்புப் போட மறந்துட்டீங்க."

"போட்டேனே."

"இல்ல மேடம். சப்புன்னு இருக்கு."

"அவருக்குப் போட்டதைவிட உங்களுக்குத்தான் அதிகம். நல்லாப் பாருங்க."

டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் கிடந்தது. இறுக்கி முடிச்சுப் போட்டது. உள்ளே உப்பு.

சபாபதி அந்தப் பொட்டலத்தையும், பூச்சு போட்ட பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

டம்ளரை எங்கே வைத்தாரென்று அவருக்கே தெரியாது. மூக்கையாவின் கையிலிருந்த பட்டையை உரித்தார். பெட்டியில் இன்னும் பூச்சு போடாத பட்டை ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்தார். செய்யவே கூடாது என்று இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னதை இப்போது அவரே செய்யப்போகிறார்.

வெறும் படலத்தின்மேல் உப்பு ஜெல்லைத் தடவினார்.

"கெட்டுப்போயிடாதா?" என்று கேட்டார்.

"விடுங்க. குடிக்கட்டும்."

படலம் குடித்தது. மேலோட்டமாக இல்லை, அடிவரைக்கும்.

பட்டையை மூக்கையாவின் முழங்கைக்குக் கீழே சுற்றினார். தோலின் மேல் இன்னொரு தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

திரையில் கோடு நேராகத்தான் கிடந்தது.

"அண்ணாச்சி," என்றாள் பெனிட்டா. "கண்ணை மூடிக்கிட்டு பரோட்டா வீசுங்க."

"கை வராதேம்மா."

"கை வேண்டாம். நீங்க வீசுங்க."

"எத்தனை?"

"ஒண்ணு போதும்."

"ஒத்தைப் பரோட்டாவுக்கு அடுப்பு பத்த வைக்கச் சொல்ற மொத ஆளு நீதாம்மா." சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மேஜைமேல் விரல்கள் போட்டது போட்டபடி கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

கோடு எழுந்தது.

கடுகளவு இல்லை. திரையில் பாதி உயரம். விழுந்தது. மறுபடி எழுந்தது. அசையாத அந்தக் கைக்குள்ளிருந்து அலை அலையாக வந்துகொண்டே இருந்தது.

சபாபதி எழுந்து நின்றிருந்தார். காலைப் பார்த்தார். கோயில் வாசலில் விட்டதுபோலச் செருப்பு ஓரமாகக் கிடந்தது. எப்போது கழற்றினார்?

பெனிட்டா அந்த அலைகளை டாக்டருக்குக் காட்டச் சேமித்துவைத்தாள்.

"போதும் அண்ணாச்சி," என்றாள். "வீசினது போதும்."

மூக்கையா கண்ணைத் திறக்கவில்லை.

"எங்கம்மா வீசினேன்? இப்பத்தான் மாவை எடுக்கப் போறேன்."