கஸ்பாரின் கிடார்

அவசரக்காரர்கள் தவறவிடுகிற கதை இது. நிதானமாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிலோமி என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவன் கஸ்பார் கடல் தொழிலுக்குப் போகிறவன். கரையில் இருக்கும் நாட்களில் கிடார் வாசிப்பான். துறைமுகத்துக்கு வந்த ஜெர்மானிய மாலுமி ஒருவனிடம் அவன் அப்பா வாங்கிய கிடார் அது. கிடாருக்கு வயது அறுபதுக்கு மேல். மேல்பலகை வெளுப்பு மாறித் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. முதுகு கருத்த ஈட்டி மரம். விரல் பட்டுப் பட்டுக் கழுத்துப் பலகையில் சின்னச் சின்னக் குழிகள். கம்பியை இறுக்கும் முறுக்காணி ஒன்று உடைந்துபோக, மாட்டுக்கொம்பில் தானே ஒன்று செதுக்கிப் பொருத்தியிருந்தான் கஸ்பார். உப்புக்காற்றில் கம்பிகள் துருவேறும், மாற்றுவான். மரம் மட்டும் ஒரு தடவைகூட வெடித்ததில்லை.

வலை வளைக்கிற இடத்துக்காக நடந்த சண்டையில் சிலுவை என்பவன் துடுப்பை ஓங்கிக் கஸ்பாரின் பிடரியில் அடித்தான். ஒரே அடியில் உயிர் போய்விட்டது. பிலோமி ஓடி வந்தபோது கஸ்பாரின் காதிலிருந்து வழிந்த இரத்தத்தை மணல் குடித்துக்கொண்டிருந்தது.

நான்கு மாதத்தில் சிலுவை ஜாமீனில் வெளியே வந்தான். "கேஸ் நடக்கட்டும்" என்றாள் பிலோமி. கஸ்பாரின் தம்பி தொம்மை எழுந்து வெளியே போனான்.

அடுத்த மாதம் ஊரில் ஒரு கல்யாணம். பெண் வீடு சிலுவைக்கு உறவு. மாப்பிள்ளை வீடு தொம்மைக்கு உறவு. கஸ்பாரின் கூட்டாளி ரெமி வந்து கிடாரை இரவல் கேட்டான். "ஒரு கீறல் விழாம கொண்டாந்து தாரேன் அக்கா. சத்தியம்." பிலோமி கொடுத்தாள். ஐந்து மாதமாக ஊமையாய்க் கிடந்ததை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது.

மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பிலோமி கடைசி வரிசையில் உட்கார்ந்து ரெமி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பக்கத்துப் பந்தியில் சிலுவை. திடீரென்று இலைகள் சிதற, தொம்மை அரிவாளோடு பாய்ந்தான். சிலுவை எழுந்திருக்கக்கூட நேரமில்லை. இடையில் குதித்த ரெமி கையில் இருந்த கிடாரையே குறுக்கே நீட்டினான்.

அரிவாள் ரெமியின் இடக்கை விரல்கள் இரண்டைச் சீவிக்கொண்டு மேல்பலகையைப் பிளந்து இறங்கியது. கம்பிகள் அறுந்து முகத்தில் அடித்தன. சோற்றில் இரத்தம் தெறித்தது.

தொம்மை அரிவாளின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். அப்போதுதான் அது யாருடைய கிடார் என்று பார்த்தான். அந்த மாட்டுக்கொம்பு முறுக்காணி அவன் கண்ணெதிரே இருந்தது. கையை எடுத்துவிட்டான். ரெமி அலறிக்கொண்டு கிடாரை நழுவவிட, அரிவாள் கழன்று சிலுவையின் காலடியில் போய் விழுந்தது.

"எடுலே! வெட்டுலே அவன!" என்று சிலுவையின் ஆட்கள் கத்தினார்கள். தொம்மை வெறுங்கையோடு நின்றான். சிலுவை குனிந்தான். வாசலில் விசில் சத்தம் கேட்டது. காவலுக்கு வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். சிலுவை நிமிர்ந்துகொண்டான்.

தொம்மை ஜெயிலுக்குப் போனான். சில வாரம் கழித்துக் கிடார் காவல் நிலையத்திலிருந்து பிலோமியிடம் திரும்பி வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இத என் வீட்டுல வைக்க மாட்டேன். அன்னைக்கு ரெண்டாவது கொலை விழாம நிறுத்துனது யாரோ, அவங்க கொண்டு போகட்டும்."

முதலில் ரெமி வந்தான். கைக்கட்டு இன்னும் அவிழவில்லை. "அரிவாள் மரத்துல மாட்டிக்கிச்சு அக்கா. இல்லன்னா தொம்மை அடுத்த வெட்டு வெட்டியிருப்பான். தடுத்தது நான். இனிமே என்னால வாசிக்க முடியாது. அதையாவது தா."

அடுத்து, அவள் கனவிலும் எதிர்பார்க்காதவன் வாசலில் வந்து நின்றான். சிலுவை. உள்ளே வரவில்லை. "அரிவாள் என் காலடியில கெடந்துச்சு. எடுத்திருந்தா தொம்மை இல்ல. நான் எடுக்கல. அந்தக் கிடார என் வீட்டுல வச்சு, செஞ்ச பாவத்தத் தெனமும் பார்த்துக்கிட்டு இருக்கணும்." பிலோமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மூன்றாவது ஆளை அவளே தேடிப் போனாள். ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் தொம்மை தலையைத் தூக்காமல் சொன்னான்: "நான் கேக்க மாட்டேன் மைனி. ஆனா கைப்பிடி என் கையிலதான் இருந்துச்சு. நான்தான் விட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் பிலோமி கிடாரை மடியில் போட்டு, பிளவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். மேல்பலகை இழையோட்டத்தில் நீளமாகப் பிளந்திருந்தது. உள்ளே அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் ஒன்றிலும் வெட்டு இல்லை. முதுகுப் பலகையில் கீறல்கூட இல்லை.

மூவரில் அன்று இரண்டாவது கொலையை நிறுத்தியது யார்? கிடார் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: தொம்மைக்கு. ரெமி தடுத்தது முதல் வெட்டை. அந்தத் துணிச்சலுக்கு ஊரே கடன்பட்டிருக்கிறது. ஆனால் அரிவாள் மாட்டிக்கொள்ளவில்லை. உள்ளே குறுக்குச் சட்டத்தில் வெட்டு இல்லை. கிடார் கீழே விழுந்ததும் தானாகவே கழன்றது. தொம்மை இழுத்திருந்தால் ஒரு நொடியில் அடுத்த வெட்டு விழுந்திருக்கும். சிலுவையோ குனிந்தவன், அவனை நிமிர்த்தியது விசில் சத்தம். எப்படியும் ஜெயில்தான் என்று தெரிந்தும், அண்ணனைக் கொன்றவனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, தானாகப் பிடியை விட்டவன் தொம்மை ஒருவனே. ஓங்கிய பாவத்துக்கு அவன் ஜெயிலில் இருக்கிறான். அது வேறு கணக்கு. பிலோமி கிடாரை அவன் வீட்டில் கொண்டுபோய் அவன் பெயருக்கே வைத்தாள். ஊரில் பாதிப்பேர் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. ரெமி ஒப்புக்கொண்டான்.