பதினோரு துண்டு

"அம்மிணி, என் கொடி சாகுது. உங்க மண்ணுதான் கொன்னுச்சு."

ஆறுச்சாமி தொட்டியை மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

மோகனசுந்தரி ஆந்தூரியத்துக்குத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். கை முழுக்கத் தேங்காய் நார். அவள் நிமிரவில்லை.

"அஞ்சு வருசமா அந்த மண்ணுலதானுங்க பூத்துச்சு. அப்பெல்லாம் வந்து ஒரு வார்த்தை சொல்லலியே?"

அவருக்கு அறுபத்து மூன்று வயது. பொள்ளாச்சியில் ஒரு நூல் மில்லில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு முப்பத்தைந்து. ஊருக்கு வெளியே நர்சரி வைத்திருக்கிறாள். ஆனாலும் செடி விஷயத்தில் அவள்தான் தன் குரு என்று அவரே எல்லோரிடமும் சொல்வார். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். அது அவருக்கு இருந்தது, நான் மறுக்கவில்லை. எனக்குக் கோபமெல்லாம் வேறு விஷயத்தில்.

அவர் மொட்டை மாடியில், பச்சை வலைக்குக் கீழே, அந்த ஊரில் யாரிடமும் இல்லாத செடிகள் இருந்தன. வவ்வால் முகம்போலப் பூக்கிற ஒன்று. கிளிப்பச்சையில் சரம் தொங்கவிடுகிற ஒன்று.

எல்லாவற்றிலும் உசத்தி இந்த ஹோயா கொடி. மெழுகில் செய்ததுபோல் பூ, கொத்துக் கொத்தாக, கிட்டத்தட்டக் கறுப்பு. சாயங்காலமானால் தெருவே மணக்கும். அவர் மனைவி சரசா நட்டது. நட்ட அடுத்த வருசம் சரசா போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அது முதல் பூ பூத்தது.

மோகனசுந்தரி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொடியைத் தொட்டியிலிருந்து உருவினாள். வேர் கூழாக வந்தது.

"மழைக்கு நனைய விட்டீங்களா?"

"ரெண்டு நாளு ஊர்ல இல்லைங்க."

"அப்ப மண்ணு என்னுங்க பண்ணும்?"

அவள் கத்தியால் அழுகலை நறுக்கிக்கொண்டே போனாள். கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டுதான் பச்சையாக நின்றது. இரண்டு கணு, நாலு இலை.

"இது ஒண்ணுதான் மிச்சமுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, அதுக்கு ஏன் அழுகறீங்க?" என்றாள். "கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்திருக்கீங்க. எந்த வீட்டுல நல்லா வந்திருக்குதோ, அங்க போயி ஒரு துண்டு கேளுங்க. செடிக்காரங்க குடுத்து வெக்கிறதே அதுக்குத்தானுங்களே."

"எங்கயும் வரலீங்க, அம்மிணி."

"எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?"

"பதினோரு துண்டு."

"பதினொண்ணுல ஒண்ணுகூடவா?"

அவர் தொட்டியைப் பார்த்தார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கல்லு மேல போட்டாலும் வேர் விடற சாதிங்க இது. பதினொண்ணும் எப்படிச் சாகும்?"

அவர் தொட்டி விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார்.

"சொல்லுங்க."

"சுடுதண்ணி காட்டித்தான் குடுத்தேனுங்க."

"என்னது?"

"அடிக்காம்பை மட்டுமுங்க. பத்து எண்ணுற வரைக்கும். இலை தடியா இருக்கறதால பதினஞ்சு நாளைக்கு வாடாது. அதனால யாருக்கும் தெரியாது."

"ஏனுங்க?"

"கேக்கறப்ப இல்லைன்னு சொல்ல வாய் வரல. குடுக்க மனசும் வரல. சரசா வெச்ச கொடி, அம்மிணி. அது ஊர்ல எல்லா வீட்டுலயும் தொங்குனா அப்பறம் எனக்குன்னு என்ன இருக்குது?"

நல்ல பேரும் வேண்டும், கொடியும் கைவிட்டுப் போகக்கூடாது. இப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் கஞ்சனை ஆயிரம் முறை கும்பிடலாம்.

மோகனசுந்தரி அவர் பக்கம் திரும்பினாள்.

"என்கிட்ட இருந்த தாய்க்கொடி புயல் மழையில போனப்ப, எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து குடுத்தீங்களே."

அவர் தலை இன்னும் தாழ்ந்தது.

"அதையுமா?"

அவர் ஆமென்று தலையாட்டினார்.

"ஆறு மாசம் தொட்டி மாத்தி மாத்தி வெச்சேன். நாம என்ன தப்புப் பண்ணுனோம்னு தூங்காமக் கெடந்தேன்." அவள் குரல் நடுங்கியது. கோபத்தில்தான். "சரசாக்காவுக்கு அந்தக் கொடியைக் குடுத்தது யாருங்க? நான்தான். பச்சையாத்தானுங்க குடுத்தேன்."

"தப்புதான், அம்மிணி. இந்த ஒரு துண்டை மட்டும் உங்க கையால நட்டுக் குடுங்க. உங்களுக்குக் கைராசி."

"மாட்டேன்."

"குருன்னு நெனச்சு வந்திருக்கேன்."

"உங்ககிட்ட அதிகமாத் துண்டு வாங்குனது யாரு?"

"எதுத்த வீட்டு மரகதம். மூணு தடவை."

அவள் ஈரக் காகிதத்தில் துண்டைச் சுருட்டி அவர் கையில் திணித்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"ஏறுங்க. இதை அவங்கதான் நடோணும்."

மரகதம் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஏழெட்டு மண் தொட்டிகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. எதிலும் செடி இல்லை.

"வாங்கண்ணா. வாங்கம்மிணி."

ஆறுச்சாமி காகிதத்தை நீட்டினார். "கொடித் துண்டு. நீங்க நடோணுமுங்க."

மரகதம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாமுங்கண்ணா. நீங்களும் முகம் கோணாம மூணு தடவை குடுத்தீங்க. மூணையும் கொன்னுபோட்டேன். இது விளங்காத கை."

"அப்புடிச் சொல்லாதீங்க."

"நானாச் சொல்லலீங்கண்ணா. எங்க அத்தைதான் சொன்னாங்க, கல்லு மேல வர்ற கொடியே இவ தொட்டா வரமாட்டீங்குதுன்னு. சரின்னு இருந்த ரோஜாச் செடியையெல்லாம் பேத்து நாத்தனாருக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்."

ஆறுச்சாமி குருவைப் பார்த்தார். குரு பக்கத்து வீட்டுச் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரகதம் பேசிக்கொண்டே போனாள். "வைகாசியில எங்கக்கா மகளுக்குக் கல்யாணம். நீங்ககூட வந்திருந்தீங்களே. முளைப்பாலிகைக்கு நவதானியம் போடக் கூப்பிட்டாங்க. அந்தப் புள்ளயைத் தூக்கி வளத்தவ நான். எங்கையால போட்டு மொளைக்காமப் போனா அது வாழ்க்கைக்கு ஆகுமா? கால்வலின்னு சொல்லிட்டு அடுப்படியில போயி உக்காந்துக்கிட்டேன்."

அந்தக் கல்யாணத்தில் இவர் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தவர். எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

"அம்மிணி, நீங்க சொல்லுங்க" என்றார் குருவிடம், மெல்லிய குரலில்.

"சுடுதண்ணி வெச்சது நானுங்களா?"

மரகதம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னுங்கண்ணா சுடுதண்ணி?"

அவர் காகிதத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"உங்க கையில ஒண்ணுமில்லைங்க. நாந்தான் அடிக்காம்பைச் சுடுதண்ணியில முக்கிக் குடுத்தேன். மூணு தடவையும்."

மரகதம் ஈரத் துணியைக் கொடியில் போட்டாள். அது நழுவி மண்ணில் விழுந்தது. எடுக்கவில்லை.

"அத்தை!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "வெளிய வாங்க. ஏனுங்க, நீங்களும் வாங்க."

மாமியார் வந்தாள். கணவன் செய்தித்தாளோடு வந்தான்.

"இப்பச் சொல்லுங்கண்ணா."

அவர் சொன்னார்.

"அத்தைக்குக் காது சரியாக் கேக்காது. சத்தமாச் சொல்லுங்க."

அவர் சத்தமாகச் சொன்னார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவை சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. மாமியார் உள்ளே போய்விட்டாள்.

மரகதம் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்காமலே அவர் கையிலிருந்த துண்டைப் பறித்தாள். ஒரு தொட்டியை நிமிர்த்தி, மண் அள்ளிப்போட்டு, அங்கேயே நட்டாள். அழுத்திய அழுத்தில் வளையல் ஒன்று உடைந்தது.

ஆறுச்சாமி அந்த நாலு இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சரசாவின் கொடியில் இந்த உலகத்தில் இருந்தது அவ்வளவுதான்.

"துளுத்து வந்தா, எனக்கு ஒரு துண்டு தருவீங்களா?"

மரகதம் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"கண்டிப்பாத் தருவேனுங்கண்ணா" என்றாள். "சுடுதண்ணி காட்டுனேனா இல்லியான்னு மட்டும் சொல்லமாட்டேன்."