அழுகண்ணியின் பசி

மாசிலாமணி துறவியாகும் எண்ணத்தோடுதான் மலையேறினார். ஏறிய மூன்றாம் நாளே மடத்தின் அடுப்பங்கரைக்குள் புகுந்துவிட்டார்.

துறையூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முப்பது வருடம் மெஸ் நடத்தியவர். வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகள் தலையெடுத்ததும் மெஸ்ஸை அவர்களிடம் விட்டுவிட்டு, ஒரு மாற்று வேட்டியோடு வந்து சேர்ந்தார். மடத்தில் குருவைத் தவிர எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் குடித்துக்கொண்டிருந்த கஞ்சியை ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இதைக் குடிச்சிட்டு எப்படிங்க தியானம் வரும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அதன்பிறகு அவரை அங்கிருந்து வெளியே அழைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மடத்தின் குரு உமையாள். மாசிலாமணியைவிடப் பதினைந்து வயது இளையவர். உமையாள் இவரை 'ஐயா' என்பார். இவர் உமையாளை 'அம்மா' என்பார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

மடத்துக்குப் பின்னால் ஒரு பாறைச் சரிவு உண்டு. மழைக்காலம் முழுக்கப் பாறையிடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். பாறைமேல் விரல் கனத்துக்கு வெறும் மணல். புல்கூட அங்கே ஒழுங்காக முளைக்காது. ஆவணி மாதத்தில் ஒருநாள் உமையாள் மாசிலாமணியை அங்கே அழைத்துப் போனார்.

"குனிஞ்சு பாருங்க ஐயா."

சட்டைப் பொத்தான் அகலத்தில் சிவப்புச் செடிகள் தரையோடு ஒட்டிக் கிடந்தன. இலை முழுக்க மெல்லிய ரோமங்கள். ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு துளி நின்று வெயிலில் மின்னியது.

"இதுக்குப் பேரு அழுகண்ணி."

"அழுதுக்கிட்டே இருக்கிறதாலயா?"

"பேரு வச்சவங்களுக்கு அப்படித் தோணியிருக்கு. முன்னே இந்த மலை முழுக்க இருந்ததாம். மருந்துக்குன்னு மூட்டை மூட்டையாப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. இப்போ இந்தச் சரிவுல மட்டும்தான் இருக்கு. போன வாரம் எண்ணிப் பார்த்தேன். நூத்திப் பதினாலு."

மறுநாள் உமையாள் யாத்திரை கிளம்பினார். காவிரிக் கரையோடு கடல் வரைக்கும் நடந்து திரும்புவது. மூன்று மாதம் ஆகும்.

"சரிவைப் பார்த்துக்கோங்க ஐயா. யாரும் பிடுங்கிடாம."

"என் உசுரு மாதிரி பார்த்துக்கறேம்மா."

சொன்னதை மாசிலாமணி காப்பாற்றினார். தினமும் மதியப் பந்தி முடிந்ததும் ஒரு கம்போடு சரிவில் போய் உட்கார்ந்துகொள்வார். பிடுங்க ஒருவரும் வரவில்லை. அதனால் அவர் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை. பேருந்தை விட்டு இறங்கி வருகிறவன் எத்தனை வேளை பட்டினி என்று நடையை வைத்தே சொல்லிவிடக்கூடியவர் அவர். இந்தச் செடிகளோ ஒரு வாரம் பார்த்தும் பொத்தான் அளவைத் தாண்டவில்லை. கீழே சத்தில்லாத மணல். மேலே ஓயாத கண்ணீர்.

"இப்படி அழுதா யாருக்குத்தான் மனசு கேக்கும்?" என்று செடிகளிடமே கேட்டார்.

மடத்தில் இரண்டு பசுக்கள் இருந்தன. தொழுவத்துக்குப் பின்னால் எருக்குழி. மாசிலாமணி தலைச்சுமையாக இருபத்தேழு கூடை எருவைச் சரிவுக்குச் சுமந்தார். அதற்கு ஐந்து நாள் ஆனது. ஒரு செடிகூட நசுங்காமல், ஒவ்வொன்றைச் சுற்றியும் விரலாலேயே அணைத்துவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் வேலை முடிந்த அன்றைக்கு வைத்த ரசம் என்றைக்கும் இல்லாத ருசி என்று எட்டுப் பேரும் சொன்னார்கள்.

புரட்டாசி மழையில் சரிவு பச்சை கட்டியது.

"பிடிச்சிருச்சு!" என்று துள்ளிக் குதித்தார் மாசிலாமணி.

பிடித்தது புல். ஐப்பசிக்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. விலக்கி விலக்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தவை கறுத்து, ஊறிப்போன டீத்தூள் போலத் தரையில் கிடந்தன. உயிரோடு நாற்பதை எண்ண முடிந்தது. மறுநாள் பதினொன்று. அதற்கடுத்த வாரம் நாள் முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு ரசத்தில் அவர் உப்புப் போட மறந்தார். எட்டுப் பேரும் ஆளுக்கொரு சிட்டிகை உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கார்த்திகையில் உமையாள் திரும்பியபோது, மாசிலாமணி துணிமூட்டையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க ஐயா?"

"மெஸ்ஸுக்கே போறேம்மா. மலை முழுக்க அழிச்சவங்க அந்தச் சரிவை மட்டும்தான் விட்டு வச்சிருந்தாங்க. அதை நான் அழிச்சிட்டேன்."

உமையாள் தோள்பையை இறக்கி வைத்தார். "என்ன செஞ்சீங்க?"

"எரு போட்டேன்."

"நல்ல எருவா?"

"ரெண்டு வருஷம் மக்கினதும்மா. கையில எடுத்தா பொலபொலன்னு உதிரும்."

உமையாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாசிலாமணிக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"எத்தனை கூடை?"

"இருபத்தேழு."

"மூட்டையை உள்ளே வைங்க. கூடையை எடுத்துட்டு வாங்க."

விடிந்ததிலிருந்து மலையேறி வந்த கால்களோடு உமையாள் நேராகச் சரிவுக்குப் போனார். காவிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியைப் பிடித்தார். புல்லை வேரோடு கெல்லி, எருவை வழித்து, கீழே பழைய மணல் தெரிகிற வரைக்கும் சுரண்டினார். மாசிலாமணி சுமந்து சுமந்து தோட்டத்தில் கொட்டினார்.

பன்னிரண்டாவது கூடையில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நல்லதுன்னு நினைச்சுத்தானேம்மா செஞ்சேன்?"

"நல்ல எரு. பூசணிக்குப் போடுங்க. இதுக்கு வெறும் மணல்தான் ஒத்துக்கும்."

இருபதாவது கூடையில் மறுபடி கேட்டார்.

"திரும்ப வருமா?"

"தெரியாது."

"மணல்ல விதை இருக்குமோ?"

"இருக்கலாம். போன வருஷம் பூத்ததுல உதிர்ந்தது கிடக்கலாம். தூசி மாதிரி இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது." உமையாள் மண்வெட்டியை மாற்றிப் பிடித்தார். "கூடையை நகர்த்துங்க."

புல்லும் சேர்ந்துகொண்டதில் கணக்கு முப்பத்தொரு கூடைக்குப் போனது. எல்லாம் முடிந்தபோது, சரிவு தோலுரித்ததுபோல் வெறிச்சென்று கிடந்தது. மாசிலாமணி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதைப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லாம ஆக்கிட்டோமேம்மா!"

"ஆமா" என்றார் உமையாள் திருப்தியாக. கசிகிற தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார்.

மாசிக்குள் தோட்டத்தில் பூசணி கொடி கொடியாக ஓடிக் காய்த்துத் தள்ளியது. பூசணிக் கூட்டு, பூசணிப் பொரியல், பூசணிப் புளிக்குழம்பு, பூசணி அல்வா. பந்தியில் உட்கார்ந்ததும் எட்டுப் பேரும் இன்றைக்கும் பூசணியா என்று முதலில் குழம்பைத்தான் எட்டிப் பார்த்தார்கள். அடிவாரத்து ஊருக்கு இரண்டு வண்டி அனுப்பியும் காய் தீரவில்லை.

சித்திரை வெயிலில் பாறை தீயாகக் காய்ந்தது. ஒருநாள் மாசிலாமணி ஒரு குடம் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவின் ஓரம்வரை போனார். வெகுநேரம் அங்கேயே நின்றார். குடத்தைச் சாய்க்கக் கை பரபரத்தது. பிறகு அப்படியே திரும்பி வந்து, அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆடியில் மழை பிடித்தது. பாறையிடுக்கு மறுபடி கசியத் தொடங்கியது.

ஆவணியில் ஒரு காலைநேரம். உமையாள் முற்றத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்பக்கமிருந்து "அம்மா! அம்மா!" என்று ஒரு கூப்பாடு கேட்டது. ஏதோ பாம்பு என்று நினைத்து எல்லோரும் எழுந்து ஓடினார்கள்.

மாசிலாமணி ஈரமணலில் குப்புறப் படுத்திருந்தார். ஒரு கையில் கரண்டி இருந்தது. மூக்கு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கிட்ட வராதீங்க! மிதிச்சிடாதீங்க!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒம்பது" என்றார்.

உமையாள் மற்றவர்களைக் கையமர்த்திவிட்டு, மெதுவாக வந்து அவர் பக்கத்தில் குந்தினார். கடுகளவுக்கு ஒன்பது சிவப்புப் புள்ளிகள். அதில் ஒன்றுமட்டும் முந்திக்கொண்டு, பொத்தான் அளவுக்கு இலை விரித்து, நுனிதோறும் துளியோடு மின்னிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு பூச்சி, கொசுவைவிடவும் சின்னது, பறந்து வந்து ஒரு துளியில் காலை வைத்தது. இழுத்துப் பார்த்தது. கால் வரவில்லை. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எப்போது அசைந்தது என்று தெரியவில்லை. ஓரத்து ரோமம் ஒன்று உள்பக்கம் வளைந்திருந்தது. பிறகு இன்னொன்று. அடுப்பங்கரையிலிருந்து பால் தீயும் வாசனை வந்தது. மாசிலாமணி அசையவில்லை.

வெகுநேரம் கழித்து, "அம்மா, அப்போ இது அழலையா?" என்றார்.

"சாப்பிடுது."

உமையாள் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஒருத்தர் சாப்பிடும்போது பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது ஐயா. வாங்க, போவோம்."