பெப்பரோமியாவின் ஏழு இலைகள்

“தினமும் தண்ணி ஊத்துறேனுங்க. அப்படியும் சாகுது.”

தெய்வசிகாமணி செடித்தொட்டியைப் பலகை மேல் வைத்தார்.

மருதமலை ரோட்டில் அந்த நர்சரியை நடத்துகிறவள் வசந்தாமணி. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஆனாலும் செடி சாகக் கிடக்கிறது என்றால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவளிடம்தான் அனுப்பினார்கள்.

அவள் செடியைப் பார்த்தாள். பெப்பரோமியா. வீட்டுக்குள் வைக்கிற சின்னச் செடி. கனத்த, வழவழத்த இலைகள். பாதிக்கு மேல் மஞ்சளாகித் தொங்கின.

“தினமும்னா?”

“காலையில ஒருக்கா. சாயங்காலம் ஒருக்கா.”

“எதுக்குங்க ரெண்டு தடவை?”

அவர் தொட்டியின் விளிம்பிலிருந்த மண்ணைத் துடைத்தார்.

அவர் மனைவி இறந்து ஒன்பது மாதம். பிள்ளைகள் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் அவர் வாய் திறந்தார். “குடி” என்பார். பல நாட்களில் அவர் பேசுகிற முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அதுதான்.

வசந்தாமணி தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். வேரெல்லாம் கூழாகியிருந்தது. அழுகின வாடை எழுந்தது.

அவள் கத்தரியை எடுத்தாள்.

அவர் செடியின் மேல் கையை விரித்து மறைத்தார்.

“இது எங்க வீட்டம்மா வச்சதுங்க. அவ இப்ப இல்ல.”

அவள் வாதாடவில்லை. கத்தரியைப் பிடித்தபடி நின்றாள். ரோட்டில் இரண்டு பஸ் போயின. அவர் கை தானாக விலகும்வரை நின்றாள். பிறகு வெட்டினாள்.

ஏழு இலைகள் தேறின. ஒவ்வொன்றையும் காம்போடு எடுத்துப் பேப்பரில் மடித்தாள். தேங்காய் நார்த்தூள் ஒரு பை கொடுத்தாள்.

“காம்பு காயட்டும். நாளைக்கு இதுல நட்டு வைங்க.”

“தண்ணி?”

“கேட்டா ஊத்துங்க.”

“அது எப்படிங்க கேக்கும்?”

“நீங்க பேசாம இருந்தீங்கன்னா கேக்கும்.”

இலைக்கு ஒரு கப்பாக நட்டு, ஏழையும் சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தார். மறுநாள் காலை சொம்போடு போனார். விரலை நார்த்தூளில் வைத்துப் பார்த்தார். ஈரம். சொம்பைத் திரும்ப வைத்தார்.

அடுத்த நாளும் ஈரம்.

அதற்கடுத்த நாளும்.

சொல்வதற்கு இருந்த ஒரு சொல்லும் போயிற்று. மாடி வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள். ஃபிரிட்ஜ் ஓடியது, நின்றது. வீட்டில் இவ்வளவு சத்தம் இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் நர்சரிக்குப் போனார்.

“ஒண்ணுமே நடக்கலீங்க. வேரே விடல.”

“வேர் விடலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் தரையைப் பார்த்தார்.

“எத்தனை தடவை புடுங்கிப் பாத்தீங்க?”

“தினமும் இல்லீங்க.”

அவள் சிரித்துவிட்டாள்.

“ரெண்டு மாசம் கழிச்சு வாங்க.”

“ரெண்டு மாசமா!”

“அதுக்கு முன்னால வந்தீங்கன்னா கடை பூட்டியிருக்கும்.”

அந்தக் கடை என்றைக்கும் பூட்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் போகவில்லை.

முதல் மாதத்தில் இரண்டு இலை அழுகின. பிறகு ஒன்று காய்ந்தது. மிச்சம் நான்கின் எதிரே தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பேசவில்லை. பிடுங்கவில்லை. இலையை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துப் பார்க்கப் பழகினார். தாகம் என்றால் இலை தளர்ந்து கொடுக்கும். அன்றைக்கு மட்டும் இரண்டு கரண்டி.

இரண்டு மாதம் முடிந்த ஒரு நாள் காலை. காம்படியில் கடுகு அளவு பச்சை.

அடுத்த கப்பிலும். நான்கிலும்.

அவர் வேகமாகக் கூடத்துக்கு வந்தார். பாதி தூரம் வந்த பிறகுதான் அங்கே சொல்வதற்கு ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு, நான்கு கப்புகளையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வசந்தாமணி குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்த கப்புகளைக் குனிந்து பார்த்தாள்.

“தளிர் விட்டிருச்சே!”

“மூணு போயிருச்சுங்க.”

“நாலு இருக்குதுல்ல.”

அவர் தயங்கினார். பல நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டார்.

“இந்த நாலுல எதுங்க அவளோட செடி?”

“அவங்க பேரு என்ன?”

“சௌடேஸ்வரி.”

வசந்தாமணி குழாயை மூடினாள்.

“ஒல்லியா, கண்ணாடி போட்டுட்டு... வெள்ளிக்கெழமை வருவாங்களே, அவங்களா?”

“எங்க வருவா?”

“இங்கதானுங்க. பத்து மணிக்கு வருவாங்க. ரெண்டு வருசமா வந்தாங்க. திடீர்னு ஒரு நாள் வர்றது நின்னுபோச்சு. வேற ஊருக்குக் குடி போயிட்டாங்கன்னு நெனச்சேன்.”

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சௌடேஸ்வரி புறப்படுவாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்பார்.

“செடி வாங்கவா வந்தா?”

“ஒரே ஒரு தடவை வாங்குனாங்க. அந்தப் பெப்பரோமியாவா இருக்கும். மத்தபடி வந்து உக்காந்துக்குவாங்க. நான் வேலை பாப்பேன். அவங்க பாட்டுக்குப் பேசிட்டே இருப்பாங்க. பன்னெண்டு மணி ஆனா எந்திரிச்சுப் போயிருவாங்க.”

“பேசுவாளா? அவளா? அவ அதிகம் பேசவே மாட்டாளேங்க.”

வசந்தாமணி குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காளா?”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஒரு நா நான்தான் கேட்டேனுங்க. வீட்டுல யாரெல்லாம் இருக்கறீங்கன்னு.”

“என்ன சொன்னா?”

“தனியாத்தான் இருக்கேன்னாங்க.”